கடலை மிட்டாயின் அடக்க விலை

நெசவாளர் சங்கமாயினும் வேளாண்மைச் சங்கமாயினும், நாம் ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் அண்மைக் காலமாக ஒரே தீர்மானம் திரும்பத் திரும்ப நம் கண்ணில் படுகிறது. பெண் அங்கத்தினர்கள் தம் இல்லங்களில் கடலை மிட்டாய் செய்து சங்கத்தின் வாயிலாக விற்பதற்கு ஆவன செய்ய வேண்டும் என்பதே அத்தீர்மானம். அதனை முன்மொழிபவர் பேசுவதும் பெரும்பாலும் ஒன்றே. கடலை நம் வயலில் விளைகிறது. வெல்லம் சந்தையில் கிடைக்கிறது. அடுப்பு வீட்டில் இருக்கிறது. பெண்களுக்கோ பகற்பொழுதில் ஓய்வு உண்டு. ஆகவே செலவென்று சொல்ல ஒன்றுமில்லை என்பார். முதல் மூன்றையும் நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். நான்காவதையும் ஐந்தாவதையும் குறித்தே இங்கு எழுதப் புகுந்தோம்.

தொழிலைப் பழிப்பது நம் நோக்கமன்று. அறுவடையான கடலையைக் களத்திலேயே காயாக மூட்டை கட்டி விற்றுவிட்டு, அதே கடலையைப் பிள்ளைகளுக்காகப் பெட்டிக்கடையில் துண்டு துண்டாக விலை கொடுத்து வாங்கும் வழக்கம் மாறவேண்டும் என்பதில் நமக்கும் ஐயமில்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. கடலையும் வெல்லமும் கைப்பக்குவமும் கூடி ஓர் ஊரின் பெயரைப் பண்டத்தோடு பிரிக்க முடியாதபடி சேர்த்துவிட்டன. (பிற ஊரார் அப்பெயரைத் தம் பொட்டலத்தின்மேல் அச்சிடலாகாது என்பதையும் இங்கேயே சொல்லி வைக்கிறோம். ஒரு சங்கத்தில் அவ்வாறு அட்டைகள் அச்சாகி வந்து கட்டுக் கட்டாக அடுக்கியிருக்கக் கண்டோம்.)

ஆயினும், கடலை மிட்டாய் செய்வது எளிது என்போர் அதனை ஒரு முறையேனும் தம் கையால் செய்து பார்க்கவில்லை என்றே கொள்ளவேண்டும்.

வேலை அடுப்பருகில் தொடங்குவதில்லை, களத்தில் தொடங்குகிறது. காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஒலிக்கும் வரையில் உலர்த்தவேண்டும். 100 கிலோ காயை உடைத்தால் ஏறத்தாழ 70 கிலோ பருப்புத் தேறும். அதன் பின்னர்ப் பொறுக்குதல். சுருங்கியது, முளைத்தது, நிறம் மங்கியது, பூஞ்சை படர்ந்தது, பூச்சி துளைத்தது ஆகிய அனைத்தையும் ஒன்றொன்றாக நீக்கவேண்டும். இது அழகுக்காகச் செய்யும் வேலையன்று. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிக் குஞ்சுகள் இலட்சத்துக்கும் மேல் மடிந்தன. காரணத்தை ஆராய்ந்தவர்கள் அவை உண்ட கடலைப் பிண்ணாக்கில் ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கிய நஞ்சினைக் கண்டனர். அதற்கு அஃபிளடாக்ஸின் என்று பெயர். ஈரமாகக் குவித்து வைத்த கடலையில் எந்த ஊரிலும் அது தோன்றலாம். மனிதரின் ஈரலையும் கெடுக்கும். வறுப்பதனால் அது முற்றும் அழிவதில்லை. மிட்டாயில் சேர்ந்துவிட்டால் வெல்லத்தின் நிறம் கெட்ட பருப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிடும், அவ்வளவே. விற்பனையாகாத கழிவுப் பருப்பை மிட்டாய்க்குத் தள்ளிவிடலாம் என்று சில நிர்வாக சபையினர் நம்மிடமே யோசனை கூறினர். அதைப் போன்ற தீய யோசனை வேறில்லை. மிட்டாய்க்கு வேண்டியது முதல்தரப் பருப்பே.

பொறுக்கிய பருப்பை மணலிட்டு இளந்தீயில் வறுத்து, ஆறிய பின் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோல் நீக்க வேண்டும். பிறகு வெல்லம். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் வெல்லத்தைக் காட்டிலும் மங்கிய கருநிற வெல்லமே நல்லது. வெளுப்பு மருந்து கலந்த வெல்லம் பார்வைக்கு மட்டுமே இனியது. 1 கிலோ பருப்புக்கு 600 கிராம் வெல்லம் என்பது வீட்டு அளவுக்குப் பொருந்தும். சிறிது நீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, மீண்டும் அடுப்பிலேற்றிக் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும். பாகில் ஒரு சொட்டை எடுத்துக் குளிர்ந்த நீரில் விட்டால் முதலில் கரையும். அடுத்து விரலிடையே மெழுகுபோல் உருளும். அதுவும் மிட்டாய்க்கு ஆகாது. அப்பதத்தில் இறக்கினால் பல்லில் ஒட்டும். நீரிலிட்ட சொட்டு கல்லாய் இறுகி, தட்டின்மேல் போட்டால் ஓசை எழுப்பி, ஒடித்தால் கண்ணாடிபோல் ஒடியவேண்டும். அதுவே பதம். ஒரு நிமிடம் தாழ்த்தினாலும் பாகு கசந்துவிடும். பதம் வந்தவுடன் ஏலமும் சுக்கும் தூவி, பருப்பைக் கொட்டிப் புரட்டி, நெய் தடவிய பலகையில் பரப்பி, குழவியால் சமனாக்கி, சூடு தணியுமுன் கத்தியால் கோடிடவேண்டும். இவ்வளவும் சில நிமிடங்களில் முடிந்தாகவேண்டும். அந்நேரத்தில் குழந்தை அழுதால் எழுந்து போகவும் இயலாது. கொதிக்கும் பாகு கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு தோலை உரித்துவிடும்.

நெசவாளர் இல்லங்களுக்கென ஒன்று கூறவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் நீர் ஊறி, பாவில் ஈரமேறித் தறி நின்றுவிடும். அம்மாதங்களில் மிட்டாய் செய்து பிழைக்கலாமே என்று பலர் அறிவுரை கூறுகின்றனர். மிட்டாயின் இயல்பை அவர்கள் அறியார். வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் பண்டம். பாவு நனையும் நாளில் மிட்டாயும் கசியும், தாளில் ஒட்டும், கடைக்காரர் திருப்பி அனுப்புவார். மார்கழிப் பட்டத்துக் கடலை களத்துக்கு வரும் பங்குனி, சித்திரையே இதற்கு ஏற்ற பருவம். ஆனால் தறி நன்றாக ஓடுவதும் அம்மாதங்களில்தான். ஆகவே நெசவாளர் வீட்டில் மிட்டாய் வேலை ஓய்வு நேரத்தை நிரப்ப வருவதன்று. தறி வேலையோடு போட்டியிட வருவது.

இனிக் கணக்கிற்கு வருவோம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும்; கணக்கிடும் முறையைக் காட்டவே கீழ்க்கண்ட எண்களை வைத்துக்கொள்ளுகிறோம். 5 கிலோ பருப்பு, கிலோ ரூ.130 வீதம் ரூ.650. வெல்லம் 3 கிலோ, ரூ.60 வீதம் ரூ.180. விறகு அல்லது எரிவாயு, நெய், ஏலம், தாள் எல்லாமாக ரூ.120. மொத்தம் ரூ.950. வறுபட்டும் தோல் நீங்கியும் நீர் வற்றியும் போக, கிடைக்கும் மிட்டாய் ஏறத்தாழ 7 கிலோ. கிலோ ரூ.200க்கு விற்றால் வரவு ரூ.1,400. மிச்சம் ரூ.450. இதனை இலாபம் என்று எழுதி, தீர்மானத்தை முன்மொழிந்தவருக்கு நன்றி கூறிக் கூட்டத்தை முடித்துவிடுகின்றனர்.

பொறுக்குவதற்கும் வறுப்பதற்கும் தோல் நீக்குவதற்கும் பாகு காய்ச்சுவதற்கும் வெட்டுவதற்கும் பொட்டலம் கட்டுவதற்கும் இரு பெண்களுக்கு ஒரு முழுப் பகல், அதாவது ஆளுக்கு 8 மணி நேரம் வேண்டும். 16 மணி நேரத்துக்கு ரூ.450 என்றால் மணிக்கு ஏறத்தாழ ரூ.28. ஒரு பாகு தீய்ந்தால் அதுவும் குறையும். மணிக்கு ரூ.60 கூலி என்று வைத்து, அந்த ரூ.960ஐயும் செலவில் எழுதிப் பாருங்கள். ரூ.450 இலாபம் காட்டிய அதே கணக்கு ரூ.510 நட்டம் காட்டும். பண்டம் மாறவில்லை, விலை மாறவில்லை, விடுபட்ட ஒரு வரியைச் சேர்த்தோம், அவ்வளவே.

சென்ற ஆண்டில் ஒரு சங்கத்தில் இத்தகைய கணக்கைப் பார்வையிட நேர்ந்தது. கடலைக்கு ரசீது இருந்தது, வெல்லத்துக்கு ரசீது இருந்தது, தாளுக்குங்கூட இருந்தது. கூலிக்கு ஒரு வரியும் இல்லை. காரியதரிசியைக் கேட்டோம். "வீட்டுப் பெண்கள்தானே, ஐயா!" என்றார். அவர் தீயவர் அல்லர், நாணயமானவர், கணக்கில் ஒரு காசும் பிசகாதவர். அறைக்கு வெளியே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த அம்மையார் ஒருவர் அதைக் கேட்டு, எங்களை நோக்காமலே, "அண்ணே, போன வாரம் பாகு கொட்டி எனக்குக் கை வெந்ததே, மருந்து வாங்கின காசை எந்தப் பக்கத்தில் எழுதினீர்கள்?" என்றார். காரியதரிசி பதிவேட்டைப் புரட்டினார். நாமும் புரட்டினோம்.

இது பெயரளவிலான குறையன்று என்பதை அங்கத்தினர்கள் உணரவேண்டும். கூலியை எழுதாத கணக்கில் மிஞ்சும் தொகை, சட்டத்தின் கண்ணுக்கு நிகர இலாபமாகவே தோன்றும். 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டப்படி நிகர இலாபத்திலிருந்து காப்பு நிதிக்கும் கல்வி நிதிக்கும் பங்கு ஒதுக்கவேண்டும். எஞ்சியதில் பங்குத் தொகைக்கேற்ப ஈவு தரலாம். பங்கு யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலான இல்லங்களில் ஆடவர் பெயரில். பெண்ணின் கூலி காப்பு நிதியாகி, கட்டட நிதியாகி, ஈவாகிக் கணவரின் பெயருக்கு வந்து சேருகிறது. ஒவ்வோர் அடியிலும் விதி சரியாகவே பின்பற்றப்பட்டிருக்கும். தணிக்கையாளர் குறை காண இயலாது.

நெசவாளருக்கு இது புதிதன்று. சேலைக்குக் கூலி பேசும்போது தறியில் அமர்ந்த கை தெரிகிறது. தார் சுற்றிய கையும் இழை பிணைத்த கையும் தெரிவதில்லை. கூலிப் பதிவேட்டில் பெரும்பாலும் ஒரே பெயர்தான் இருக்கிறது. தறியில் நேர்ந்துவிட்ட இப்பிழையை, புதிதாகத் தொடங்கும் ஒரு தொழிலிலும் நாமே நம் கையால் எழுதி வைக்கவேண்டுமா?

வேறு வழி உண்டு என்பதற்குப் பம்பாயில் ஒரு சான்று இருக்கிறது. 1959ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் 7 பெண்கள் 80 ரூபாய் கடன் பெற்று அப்பளம் இடத் தொடங்கினர். இன்று லிஜ்ஜத் என்ற பெயரால் நாடெங்கும் அறியப்படும் நிறுவனம் அதுவே. கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் அன்றி, 1966இல் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றதாயினும், கூட்டுறவின் உள்ளியல்பு நம் சங்கங்கள் பலவற்றினும் அங்கு மிகுதி என்பது நம் எண்ணம். பிசைந்த மாவைப் பெற்றுச் சென்று, வீட்டில் இட்டு, மறுநாள் எடை போட்டு ஒப்படைக்கும் பெண்ணுக்கு, இட்ட அளவுக்கான கூலி முதலில் கிடைத்துவிடுகிறது. இலாபம் என்ற பேச்சு அதற்குப் பின்னரே. அதிலும் இட்டவர்களுக்கே பங்கு.

ஆனால் அப்பளத்தின் முறையை மிட்டாய்க்கு அப்படியே கொள்ளலாகாது. அப்பளக் குழவியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போகலாம். பாகை விட்டுவிட்டுப் போகமுடியாது. ஆகவே பருப்பை உடைத்தல், பொறுக்குதல், தோல் நீக்குதல் ஆகியவற்றை மட்டும் வீடுகளுக்குக் கொடுத்து, எடைக்கேற்பக் கூலி தருவதும், பாகு காய்ச்சுவதைச் சங்கத்தின் பொதுக்கூடத்தில் பழகிய இரண்டு மூன்று பேர் மணிக்கூலிக்குச் செய்வதும் தக்கது என்பது நம் கருத்து. பதமும் ஒரே சீராக அமையும். விற்பனைக்கு உணவு செய்வோர் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு பெறவேண்டும். வீட்டுக்கு வீடு அலைவதைவிட ஓர் இடத்துக்குப் பெறுவது எளிது. இயந்திரம் வாங்குவதற்கு முன் கூலிப் பதிவேடு ஒன்றை வாங்குங்கள். அதில் கணவர் பெயரை எழுதாமல் வேலை செய்தவர் பெயரையே எழுதி, அவரிடமே கையொப்பம் பெறுங்கள். அவர்களைத் தம் பெயரில் பங்கு எடுத்த அங்கத்தினராகவும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூலியையும் சேர்த்தால் மேற்சொன்ன கணக்கில் அடக்க விலை கிலோ ரூ.273 ஆகிறது. இதனை நாம் எழுதிக் காட்டியபோது, "இந்த விலைக்கு யார் வாங்குவார், ஐயா?" என்று அக்காரியதரிசி கேட்டார். நியாயமான கேள்வியே. மொத்த வியாபாரியின் மலிவு மிட்டாயோடு விலையில் மோத நம்மால் முடியாது. பொறுக்கிய பருப்பும் கலப்பற்ற வெல்லமும் என்று அறிந்து வாங்குவோர் அருகில் இருக்கிறார்களா என்று முதலில் விசாரிக்கவேண்டும். இல்லையெனில் அச்சங்கம் இத்தொழிலில் இறங்க வேண்டுவதில்லை. அங்கத்தினர்கள் தத்தம் பிள்ளைகளுக்கு வேண்டியதை மட்டும் செய்து, மூடி இறுகிய தகர டப்பாவில் வைத்துக்கொள்ளட்டும். அதற்குப் பேரேடும் வேண்டாம், ஆய்வாளரும் வேண்டாம்.

அச்சங்கத்தின் பொதுக்கூட்டம் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் மருந்துச் செலவு ரூ.180 என்று ஒரு வரி, பிந்திய தேதியிட்டு, செலவுப் பக்கத்தில் ஏறியிருப்பதை அடுத்த முறை சென்றபோது கண்டோம்.