மனைவியின் உழைப்பும் மார்க்கம் காட்டும் நீதியும்

ஆண், பெண் சமத்துவம் என்ற பேச்சு எழுந்தாலே, 'இது மேற்கிலிருந்து வந்தது' என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். பெண்ணுரிமை பேசுவோரில் சிலரோ குடும்ப அமைப்பையே அடிமைத்தனம் என்கிறார்கள். இரு தரப்பாருக்கும் மொராக்கோவின் அனுபவத்தில் பாடம் இருக்கிறது.

2000 மார்ச் 12 அன்று அங்கே இரண்டு பேரணிகள் நடந்தன. தலைநகர் ரபாத்தில் பெண்களுக்கான சீர்திருத்தத் திட்டத்தை ஆதரித்தவர்கள் திரண்டார்கள். காஸாபிளாங்காவில் அதை எதிர்த்தவர்கள் திரண்டார்கள். எதிர்த்தவர்களிலும் பெண்கள் ஏராளம். பிறகு உலமாக்களும் இடம்பெற்ற குழு அமைக்கப்பட்டு, 2004-ல் புதிய குடும்பச் சட்டம் வந்தது. பெண்ணின் திருமண வயது 18 ஆனது. குடும்பம் கணவன், மனைவி இருவரின் பொறுப்பு என்றானது.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சியது. பல்லாண்டுகள் வீட்டைக் கட்டிக்காத்த மனைவி தலாக்கிற்குப் பின் வெறுங்கையோடு வெளியேறுவது நீதியா?

2024 டிசம்பரில் புதிய திருத்த முன்மொழிவுகள் அறிவிக்கப்பட்டன. வாரிசுரிமையில் அஸபா முறையை நீக்குவதை அந்நாட்டு உலமா சபை ஏற்கவில்லை. அதே சபை, மணவாழ்வில் சேர்ந்த சொத்தில் மனைவியின் வீட்டு உழைப்பையும் பங்களிப்பாகக் கருதுவதை ஏற்றுக்கொண்டது.

இது மேற்கிடம் கடன் வாங்கியதல்ல. ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டிலேயே மாலிகி மத்ஹப் அறிஞர் இப்னு அர்தூன், வயலில் பாடுபட்ட கிராமத்துப் பெண்களுக்குக் கணவரின் செல்வத்தில் பங்கு உண்டு என ஃபத்வா அளித்தார். இதை 'கத்து வஸ்ஸிஆயா', அதாவது உழைப்பின் உரிமை என்பார்கள். அதன் அளவு பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. ஆனால் ஆண்களுக்கும் பெண்களுக்கும் அவரவர் சம்பாதித்ததில் பங்கு உண்டு என்பது குர்ஆன் (4:32) கூறும் அடிப்படை.

மார்க்கம் வகுத்த எல்லையை நாம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அதற்காக, மார்க்கம் கொடுத்த உரிமையை மறைப்பதும் ஆகாது. மனைவியின் நகையை விற்று வாங்கிய மனை யார் பெயரில் இருக்கிறது? தாயாகவும் இல்லத்தரசியாகவும் அவள் ஏற்ற பொறுப்பைப் போற்றுகிறோம் என்று சொல்லும் நாம், முதலில் இந்தக் கேள்விக்கு நம் வீட்டிலேயே பதில் சொல்வோம். அல்லாஹ் நம் குடும்பங்களில் நீதியை நிலைநிறுத்துவானாக.