ஓசி என்று எழுதிய தம்பிக்கும், கட்டைவிரல் காட்டிய நாற்பது பேருக்கும்



முந்தாநாள் நம் பழைய மாணவர் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. "உழைக்கிறவன் வரி கட்டுறான், காலேஜ் போற பிள்ளைகளுக்கு மாசம் ஆயிரம் ஓசி, நாடு எப்படி உருப்படும்?" என்று. அதற்கு நாற்பது கட்டைவிரல். நானும் எண்ணினேன், வேறு வேலை? அந்த நாற்பதில் பதினோரு பேருக்கு ஸ்காலர்ஷிப் படிவம் நான் என் கையால் நிரப்பிக் கொடுத்திருக்கிறேன். யார் யார் என்று சொல்ல மாட்டேன். உங்கள் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள். ஆனால் வருமானச் சான்றுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் மூன்று நாள் கூலியை விட்டு நின்ற உங்கள் அம்மாக்களின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு அது உதவித்தொகை. உங்களுக்கு வேலை கிடைத்து, கார் வாங்கிய பிறகு அதே பணத்துக்கு ஓசி என்று பேர் மாறிவிட்டது.

இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இப்போது எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். வகுப்பில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் அந்த ஆயிரம் ரூபாய். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி, ஆசிரியர் தினத்தில் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரியோ பாலிடெக்னிக்கோ ஐடிஐயோ சேர்ந்தால் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய், அவள் வங்கிக் கணக்கில். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆயிரம் என்றால் ஒரு நாளைக்கு 33 ரூபாய். நம் திண்டுக்கல்லில் ஒரு பிளேட் பிரியாணி சாப்பிட அந்தப் பிள்ளை ஒரு வாரம் சேர்த்து வைக்க வேண்டும். இதில்தான் நாடு உருப்படாமல் போகிறதாம்.

இந்தத் திட்டம் எதற்குப் பதிலாக வந்தது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1989-இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாவது வரை படித்த ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணத்துக்கு 5,000 ரூபாய். பிறகு தகுதி பத்தாவது ஆனது, தொகை 25,000 ஆனது, பட்டம் வாங்கியவளுக்கு 50,000, கூடவே தாலிக்குத் தங்கம். அது கெட்ட திட்டம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஐயாயிரத்துக்காகவே எட்டாவது வரை பிள்ளையைப் பள்ளியில் விட்டுவைத்த வீடுகளை எனக்குத் தெரியும். ஆனாலும் பணம் கல்யாணத்தன்றுதான் வரும். 2022-இல் அதே அம்மையார் பெயரில் உயர்கல்வி உறுதித் திட்டமாக அதை மாற்றினார்கள். தாலிக்குத் தந்த பணம் படிப்புக்குப் போகிறது. இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று வேடசந்தூர் பக்கம் வாத்தியார் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்.

அந்தப் பக்கம் நூல் மில்லுக்கு ஆள் பிடிக்கிற வேன் ஊர் ஊராக வரும். மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் முடிவில் மொத்தமாக 30,000, 40,000 தருவோம், கல்யாணத்துக்கு ஆகும் என்பார்கள். அதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பேர் வேறு. எட்டாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் என் வகுப்புப் பெண்கள் இரண்டு பேர், மூன்று பேர் அந்த வேனில் ஏறிவிடுவார்கள். நான் வீடு தேடிப் போய்ப் பேசுவேன். "டீச்சர், நீங்க சொல்றது சரிதான். ஆனா அவன் காசு தர்றேங்குறான், நீங்க என்ன தர்றீங்க?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. படிப்பின் அருமை பெருமையைச் சொல்லிவிட்டு வெயிலில் நடந்து வந்தேன்.

அந்தக் கேள்விக்கு இப்போதுதான் ஒரு பதில் வந்திருக்கிறது. சின்னப் பதில்தான். நிலக்கோட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெண், விடிகாலை நாலு மணிக்கு அம்மாவோடு மல்லிகைப் பூ பறித்துவிட்டு, குளித்து, பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போகிறாள். அவள் அம்மா என்னிடம் சொன்னது: "டீச்சர், ஆயிரம் பெருசில்ல. ஆனா அது அவ பேர்ல வர்ற காசு. படிப்பை நிறுத்துனா நின்னுரும்னு அவ அப்பாவுக்கும் தெரியும்." பரீட்சைக் கட்டணம், போன் ரீசார்ஜ், மாதாமாதம் வாங்கவேண்டிய நாப்கின் எல்லாம் அதில்தான். ஒவ்வொன்றுக்கும் அப்பாவிடம் கை நீட்டிக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. காரணம் சொல்லிச் சொல்லியே படிப்பை விட்ட பெண்கள் நம் குடும்பத்திலேயே இருக்கிறார்கள். என் வயதுச் சித்திமார்கள், அத்தைமார்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வரிப்பணம் என்று கொதிக்கிற தம்பிகளுக்கு ஒரு கணக்கு. பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர், பிள்ளைக்கு வாங்கிய கல்விக் கடனின் வட்டி முழுவதையும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், எட்டு வருடம் வரை. கட்டிய கல்விக் கட்டணத்தையும் கழிவாகக் காட்டலாம். அதுவும் அரசாங்கம் விட்டுக்கொடுக்கிற பணம்தான். அதை யாரும் ஓசி என்று பேசி நான் கேட்டதில்லை. ஆடிட்டர் செய்து கொடுத்தால் அது வரிச்சலுகை, இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று வாங்கினால் ஓசி. அரசு மருத்துவக் கல்லூரியில் சொற்பக் கட்டணத்தில் படித்து வந்தவரும் அந்த நாற்பது பேரில் இருக்கிறார். மிச்சச் செலவை யார் கட்டினார்கள் டாக்டர்?

வெளிநாட்டில் இப்படி உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவில் 1944-இல் ஒரு சட்டம் போட்டார்கள், போரிலிருந்து திரும்பிய வீரர்களின் படிப்புச் செலவை அரசாங்கம் கட்டும் என்று. 20 லட்சம் பேருக்கு மேல் அதில் கல்லூரிக்குப் போனார்கள். அதே 1944-இல்தான் இங்கே பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையும் தொடங்கியது. அப்போது வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்தவர் அம்பேத்கர். அவரே பரோடா சமஸ்தானம் தந்த உதவித்தொகையில் 1913-இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனவர். அந்தப் பணத்தை ஓசி என்று யாராவது நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

சரி, கோபப்படத்தான் வேண்டும் என்றால் கோபப்பட வேண்டிய இடத்தைக் காட்டுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பையன். கொத்தனார் மகன். சுயநிதிக் கல்லூரி ஒன்றில் பொறியியல் கிடைத்தது. போஸ்ட் மெட்ரிக் உதவிக்கு எல்லாத் தகுதியும் உண்டு, குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்கு ரொம்பக் கீழே. ஆனால் கல்லூரி பணம் கேட்டது ஜூலையில். "ஸ்காலர்ஷிப் வந்தா நீங்களே எடுத்துக்கங்க, இப்ப கட்டுங்க" என்றார்கள். அப்பா ஐந்து வட்டிக்கு 40,000 வாங்கினார். ஐந்து வட்டி என்றால் மாதம் 2,000. உதவித்தொகை வந்து சேர எட்டு மாதம் ஆனது. அசலை அடைத்தாகிவிட்டது. வட்டி 16,000? அதற்கு எந்த அரசாங்கத்திலும் ஸ்காலர்ஷிப் கிடையாது. அடுத்த வருடமும் அதே கதை. நாலு வருடம் அரசாங்கம் அந்தப் பையனைப் படிக்க வைத்தது, அந்தச் சாக்கில் ஒரு வட்டிக்கடைக்காரர் பிழைத்தார்.

இத்தனைக்கும் இப்படி நடக்க வேண்டியதே இல்லை. மத்திய அரசின் 2021 வழிகாட்டு நெறிமுறையிலேயே ஃப்ரீஷிப் கார்டு என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. தகுதியுள்ள பட்டியல் சாதி மாணவரை முன்பணம் கேட்காமல் சேர்த்துக்கொள்ள வேண்டும், பணம் கணக்கில் வந்ததும் அவர் கல்லூரிக்குக் கட்டிவிட வேண்டும். எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்கத் தெரிந்த தகப்பன் எத்தனை பேர்? கேட்டால் மதித்துப் பதில் சொல்கிற அலுவலகம் எத்தனை? கட்டணம் ஜூலையில், உதவி மார்ச்சில் என்று இருக்கிறவரை, எவ்வளவு கோடி ஒதுக்கினோம் என்று மேடையில் சொல்வதில் எனக்கு மரியாதை இல்லை. எந்த ஆட்சி என்றாலும் இதையேதான் சொல்வேன். உடனே கட்சிச் சாயம் பூசிக்கொண்டு வராதீர்கள்.

இன்னொன்று. அரசுப் பள்ளியில் படித்தவளுக்கு ஆயிரம் என்று 2022-இல் அறிவித்தபோது, அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவளுக்கு இல்லை என்றார்கள். நம் ஊரில் மிஷன் பள்ளிகள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். ஒரே தெரு, ஒரே வறுமை, ஒரே சத்துணவு. அக்கா போன பள்ளி வேறு, தங்கை போன பள்ளி வேறு என்பதால் ஒருத்திக்கு உண்டு, ஒருத்திக்கு இல்லை. 2024 டிசம்பர் கடைசியில்தான் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்தார்கள். இடையில் இரண்டு வருடம் விட்டுப்போனவர்களுக்கு என்ன பதில்?

இப்போது சொந்தக்காரர்கள் பக்கம் வருகிறேன். கோபித்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

முதல் பட்டதாரிச் சலுகை 2010-இல் வந்தது. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாரும் பட்டம் வாங்காத வீட்டிலிருந்து கவுன்சிலிங் மூலம் பொறியியல் போன்ற படிப்புக்குப் போகிற பிள்ளைக்கு, சாதி பார்க்காமல், வருமானம் பார்க்காமல் தருகிற சலுகை. சுயநிதிக் கல்லூரி என்றால் ஆண்டுக்கு 25,000 கட்டணத்தில் குறையும். போன வருடம் நம் உறவிலேயே ஒருவர் என் வீட்டுக்கு வந்து, "அக்கா, விஏஓ உங்ககிட்டப் படிச்ச பையன்தான, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார். மூத்தவன் பி.காம். முடித்தவன். "அது தபால்ல படிச்சதுதானக்கா, கணக்குல வராது" என்றார். வரும். அவன் பட்டம் வாங்கியதற்கு முக்கில் ஃபிளெக்ஸ் வைத்தோம், நானும் அதில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அந்த வீட்டு விசேஷத்துக்கு எனக்கு அழைப்பு இல்லை. உதவித்தொகை என்றாலே ஏமாற்று என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள இந்த மாதிரி ஏமாற்றைத்தான் பார்த்திருக்கிறார்கள். பூ பறிக்கிற வீட்டுப் பெண்ணுக்கு ஏமாற்ற ஆளும் தெரியாது, வழியும் தெரியாது.

அவளுக்கு நியாயமாக வரவேண்டியதே இனிஷியலில் நின்றுவிடுகிறது. மார்க் ஷீட்டில் ஒரு பேர், ஆதாரில் ஒரு பேர், பாஸ்புக்கில் ஒரு பேர். முத்துலட்சுமிக்கு க் உண்டா இல்லையா என்பதில் ஆறு மாதப் பணம் மாட்டிக்கொள்ளும். இந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையின்போது, எழுதப் படிக்கத் தெரியாத அம்மா சொன்ன பேரை, வரிசையில் முப்பது பேர் நிற்கிற அவசரத்தில், காதில் விழுந்தபடி பதிவேட்டில் எழுதியவர்கள் நாங்கள்தான். அப்போது அது ஒரு எழுத்துப் பிழை. இப்போது கம்ப்யூட்டர் அதைத் திருப்பி அனுப்புகிறது.

கல்விக் கடன் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். கடன் உதவி அல்ல, கடன். வேறு வழி எல்லாம் பார்த்த பிறகு அதற்குப் போங்கள். போவதென்றால், வங்கிகளின் பொதுவான கல்விக் கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை சொத்துப் பத்திரம் கேட்பதில்லை என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். குரூப்பில் வங்கி மேலாளர்கள் மூன்று பேர் இருக்கிறீர்கள். ஒரு தகப்பன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு உங்கள் மேஜை முன்னால் வந்து நிற்கும்போது, "டெபாசிட் இருக்கா?" என்று ஆரம்பிக்காதீர்கள். உட்காரச் சொல்லுங்கள்.

ஓசி என்று எழுதிய தம்பி, உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய். கோபம்தான். நீ படித்த காலத்தில் உனக்கு விடுதியில் இடம் கேட்டு நான் இரண்டு முறை கலெக்டர் ஆபீஸ் படி ஏறினேன். அதை நீ திருப்பித் தர வேண்டாம். ஆனால் உனக்குக் கம்ப்யூட்டர் நன்றாக வரும், இ-சேவை மையத்தில் ஒரு நாள் ஆகிற வேலையை அரை மணியில் முடிப்பாய். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டு வராந்தாவுக்கு வா.

இந்த வருடம் கல்லூரியில் சேர்கிற பிள்ளைகள் யாராக இருந்தாலும் வரலாம், நமக்குத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டியதில்லை. ஆதார், சாதிச் சான்று, இந்த வருடத்து வருமானச் சான்று, பத்தாவது பன்னிரண்டாவது மார்க் ஷீட், ஆறாவதிலிருந்து எந்தப் பள்ளி என்று காட்டுகிற சான்று, பிள்ளையின் பேரில் உள்ள பாஸ்புக் எல்லாவற்றிலும் அசலும் இரண்டு ஜெராக்சும் வேண்டும். கணக்கோடு ஆதார் சேர்ந்திருக்கிறதா என்று வெள்ளிக்கிழமைக்குள் வங்கியில் கேட்டுவிட்டு வாருங்கள். ஆதாரில் எந்த போன் நம்பர் கொடுத்தீர்களோ அந்த சிம்முக்கு ரீசார்ஜ் போட்டு, அந்த போனையும் மறக்காமல் கையோடு எடுத்து வாருங்கள். ஓடிபி அதற்குத்தான் வரும்.