கழுவிய பாதங்களும் கழுவாத சாதியும்

பெரிய வியாழன் இரவில் நமது கோவில்களில் நிகழும் பாதம் கழுவும் சடங்கை அறியாத கத்தோலிக்கர் இலர். பன்னிருவர் நாற்காலியில் அமர்கின்றனர். குருவானவர் இடையில் துண்டைக் கட்டி, மண்டியிட்டு, ஒவ்வொருவர் பாதத்திலும் நீர் வார்த்துத் துடைக்கின்றார். அப்பன்னிருவரோ வீட்டிலேயே சவுக்காரமிட்டுக் கால் கழுவி வருகின்றவர்கள்! கழுவிய காலைக் கழுவக் குருவானவர் எதற்கு?

இயேசு நாதர் செய்தது இதுவன்று. மரிப்பதற்கு முதல் நாள் இரவில், அடிமைகளுக்குரிய ஊழியத்தைப் புழுதி படிந்த கால்களுக்கு அவர் செய்தார். யோவான் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்தில் பேதுரு முதலில் மறுக்கின்றார். எஜமானன் அடிமையின் வேலையைச் செய்தால் மேல், கீழ் என்னும் ஏற்பாடே குலைந்துபோகும் அல்லவா?

நம்மவரோ அவ்வேற்பாட்டைக் குலையாமல் காத்துக்கொண்டே கிறிஸ்தவர்களாயினர். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த கோவிலை நினைத்துப் பாருங்கள். பீடம் ஒன்று; அதனின்றும் கால்சட்டையின் இரு கால்களைப்போல் பிரியும் கூடங்கள் இரண்டு; ஒன்றில் பிள்ளைமார் முதலியோர், மற்றதில் நாடார் முதலியோர்; நடுவே சுவர். 1910இல் சுவர் இடிக்கப்பட்டது. சிலுவையில் அறையுண்டவரை வணங்கியவர்கள், இடிந்த சுவருக்காகக் கோர்ட்டுப் படியேறித் தோற்றார்கள்.

பழங்கதை என்று தள்ளிவிடலாகாது. 2008 மார்ச் 9ஆம் தேதி, ஈஸ்டருக்குப் பதினான்கே நாட்கள் இருக்கையில், அப்பொழுது விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த எறையூரில், கோவிலில் சம உரிமை கேட்ட தலித் கத்தோலிக்கர்மீது வன்னியக் கத்தோலிக்கர் பாய்ந்தனர். போலீஸ் சுட்டதில் இருவர் மாண்டனர். அந்தோ, அது தவக்காலத்து ஞாயிறு! இறைச்சியை விலக்கிய வீடுகளிலிருந்துதான் கல்லும் தடியும் புறப்பட்டன.

"அது தமிழ்நாட்டுச் சங்கதி, கடல் கடந்த நமக்கு அது ஏது?" என்பர் பினாங்கு அன்பர்கள். யான் செபராங் பிறையில் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. சென்ற ஆண்டு பெரிய வெள்ளியன்று லீவு எழுதிக் கொடுத்து (அவ்விடுமுறை சபாவுக்கும் சரவாக்குக்குமே உரியது, நமக்கில்லை என்று குறைப்படுவதில் மட்டும் நாம் எல்லோரும் ஒரே சாதி), பெர்ரியேறி ஜார்ஜ் டவுனுக்குப் போய்ச் சிலுவையை முத்தி செய்தேன். வெளியே வந்ததும் ஒரு பெரியவர், தம் உறவுப் பெண்ணுக்கு வரன் தேடுகின்றவர், அருகில் வந்தார். சம்பளம் கேட்டார்; படிப்பைக் கேட்டார். ஆங்கிலப் பள்ளி என்றதும் முகம் மலர்ந்தது. "தம்பி, தாத்தாவுக்குத் தமிழ்நாட்டிலே எந்த ஊர்? ஊரிலே எந்தத் தெரு?" என்றார். தெருவைச் சொன்னேன். வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விட்டார். எனக்கு முன்னே வரிசையில் நின்று அதே சிலுவையை முத்தமிட்டவர் அவர். அந்த ஈரம் காய்ந்திருக்குமோ என்னவோ!

சடங்கே வேண்டாம் என்பது என் கட்சியன்று. சடங்கை மெய்யாகச் செய்யுங்கள் என்பதே. 2013இல் பாப்பரசர் பிரான்சிஸ் பெரிய வியாழனன்று பேராலயத்தை விட்டு ரோமாபுரியின் சிறார் சிறைக்குச் சென்று பன்னிருவர் பாதங்களைக் கழுவினார். அவருள் பெண்களும் இருந்தனர்; முஸ்லிம்களும் இருந்தனர். முறை தவறிற்று என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. 2016இல் முறையே மாற்றப்பட்டு, பெண்களுக்கும் அவ்விடம் திறந்தது.

எமது தோட்டத்து லயங்களில் முன்னே தமிழர் இருந்தனர். இன்று வங்காள தேசத்தாரும் நேப்பாளியரும் இருக்கின்றனர். சாயங்காலம் ரப்பர் பூட்சைக் கழற்றும்பொழுது அவர்கள் கால்களைப் பார்த்திருக்கின்றேன். நாள் முழுதும் வியர்வையில் ஊறி வெளுத்தவை, செம்பனை முள் தைத்துச் சீழ் கட்டியவை. ஆபீஸ் அறைக்குள் அக்கால்கள் வரக்கூடாதென்று வாசலில் நிறுத்திச் சம்பளச் சீட்டை நீட்டுகின்றவன் யான். பெரியவரைக் குறை சொன்ன என் கதையும் இதுதான்.

இவ்வாண்டும் பெரிய வியாழனன்று பெர்ரி ஏறுவேன். பன்னிரண்டு நாற்காலிகளிலும் யார் யாரை அமர்த்துகின்றார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கு முந்திய நாள் புதன்கிழமை. எங்கள் தோட்டத்தில் சம்பள நாள்.