கொலையாளியை ஒளித்தால் போதுமா?

கொலையாளி யாரென்று கடைசிவரை மறைத்தால்தான் திரில்லர் என்கிறார்கள். அப்படியானால் 2013இல் வந்த மலையாளப் படம் ‘த்ரிஷ்யம்’ (பிறகு நம்மூரில் ‘பாபநாசம்’) எப்படி ஓடியது? கொலையை நம் கண்முன்னேயே காட்டிவிடுகிறார் இயக்குநர் ஜீத்து ஜோசப். தெரிந்திருப்பதால்தான் போலீஸ் நாயகனின் சின்ன மகளை மிரட்டிக் கேட்கும்போது நமக்கு வியர்க்கிறது.

முதல் பாதி இழுவையாம்! கேபிள் டிவி நடத்தும் நாயகன் ராத்திரியெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்து சினிமா பார்ப்பதை அங்கே பொறுமையாகக் காட்டாவிட்டால், நாலாம் வகுப்பைக்கூடத் தாண்டாத அவன் பஸ் டிக்கெட்டையும் ஓட்டல் பில்லையும் வைத்துப் போலீஸைத் திணறடிப்பதை யார் நம்புவார்கள்?

கடைசியில் ஒரு திருப்பம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அதுவரை இரண்டரை மணி நேரம் நம்மை நாற்காலியில் பிடித்து வைத்தது அது அல்ல.