இரவு எங்கே தூங்குவது?

சாப்பாட்டு மேஜை மீது வரைபடம் விரிந்து கிடந்தது. என் கணவர் விரலால் அளந்துகொண்டிருந்தார். "மணாலியிலிருந்து லே 430 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற மாதிரி. நடுவில் ஒரு ராத்திரி சர்ச்சுவில் கூடாரத்தில் தங்கினால் மறுநாள் லே." தில்லியில் எங்கள் வீட்டிலிருந்து காரில் கிளம்பி, லடாக்கைச் சுற்றிவிட்டுத் திரும்ப ஒன்பது நாட்கள் என்று கணக்கு முடிந்துவிட்டது.

அவரவருக்கு ஓர் ஆசை. எட்டு வயது மகளுக்கு நூப்ரா பள்ளத்தாக்கின் மணல்மேடுகளில் இரட்டைத் திமில் ஒட்டகத்தைப் பார்க்க வேண்டும். பள்ளிக் கால்பந்து அணியில் ஆடும் மகனுக்கு கர்துங் லா கணவாயில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும். 69 வயது மாமியாருக்கு சிந்து நதி. தினமும் குளிக்கும்போது அவர் சொல்லும் ஏழு நதிகளின் ஸ்லோகத்தில் காவிரி அவர் பிறந்த ஊரின் நதி. கங்கையையும் யமுனையையும் தில்லிக்கு வந்த பிறகு பார்த்தாயிற்று. சிந்து பாகிஸ்தானில் இருக்கிறது, நமக்குக் கொடுத்துவைக்கவில்லை என்று வெகுகாலம் நினைத்திருந்தார். அது லே நகரத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது என்று பேரன் சொன்ன நாளிலிருந்து அவர் பேச்சில் சிந்து அடிக்கடி வந்துகொண்டிருந்தது.

"அம்மாவை அண்ணா வீட்டில் விட்டுட்டுப் போனா என்ன? அந்த உயரம் அவங்களுக்குத் தாங்காது" என்றார் கணவர், குரலைத் தாழ்த்தி. அடுத்த அறையில் டெலிவிஷன் சத்தம் சட்டென்று குறைந்தது.

எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர் ஒருவர் இருக்கிறார். பல வருடங்கள் லடாக்கில் பணிபுரிந்தவர். அவரிடம் திட்டத்தைக் காட்டினோம். கிலோமீட்டர் கணக்கை அவர் பார்க்கவே இல்லை. "ஒவ்வொரு இரவும் எங்கே தூங்கப்போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியின் பொருள் புரிய எங்களுக்கு ஒரு மாலை நேரம் ஆயிற்று.

மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சர்ச்சு ஏறக்குறைய 4,290 மீட்டர். ஒரே பகலில் 2,200 மீட்டருக்கு மேல் ஏறிப் போய் அங்கேயே படுத்துத் தூங்குவது என்பதுதான் எங்கள் திட்டம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலையேறுபவர்களும் மருத்துவர்களும் வைத்திருக்கும் விதி. தூக்கத்தில் மூச்சு மெதுவாகிறது. ஏற்கனவே குறைவாக இருக்கும் பிராணவாயு உடலில் இன்னும் குறைகிறது. பகலில் சமாளித்த உடல் இரவில் தடுமாறுவது அதனால்தான்.

சர்ச்சுவில் இன்னொரு சங்கடமும் உண்டு. உயர நோய் முற்றினால் முதல் சிகிச்சை கீழே இறங்குவது. ஆனால் சர்ச்சுவிலிருந்து இறங்க வேண்டுமானால் முதலில் ஏறியாக வேண்டும். மணாலிப் பக்கம் திரும்பினால் சுமார் 4,900 மீட்டர் உயர பாராலாச்சா லா கணவாய். லே பக்கம் போனால் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுங் லா, அதன் பிறகு 5,300 மீட்டருக்கு மேல் உள்ள தாங்லாங் லா. நடுராத்திரியில் ஒரு குழந்தைக்கு மூச்சுத் திணறினால், எந்தத் திசையில் காரை ஓட்டுவது?

மாமியாரைப் பற்றியும் கேட்டோம். டாக்டர் சிரித்தார். "இதயம், ரத்த அழுத்தம், நுரையீரல் எல்லாம் பரிசோதித்துக்கொள்ளட்டும். சரியாக இருந்தால் வயதைக் காரணம் காட்டி விட்டுவிட்டுப் போகாதீர்கள். உயர நோய் வயதைப் பார்த்து வருவதில்லை. வேகத்தைப் பார்த்து வருகிறது. தன் பலத்தை நம்பி ஓடும் இளைஞர்கள்தான் பல சமயம் முதலில் படுப்பார்கள்." நாங்கள் தலை குனிந்தோம். அந்தத் திட்டத்தில் ஆபத்தாக இருந்தது அம்மாவின் வயது அல்ல, எங்கள் ஒன்பது நாள் கணக்கு.

திட்டத்தைத் தலைகீழாக மாற்றினோம். போகும்போது ஸ்ரீநகர் வழி. ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், அடுத்த இரவு கார்கில் 2,700 மீட்டர், அதற்கடுத்து லே 3,500 மீட்டர். வழியில் ஜோஜி லாவும் 4,100 மீட்டர் உயர ஃபோட்டு லாவும் வந்தாலும் அவற்றைக் கடந்து இறங்கிவிடுகிறோம். லேயில் இரண்டு முழு நாட்கள் சும்மா இருப்பது. பிறகு நூப்ரா. கர்துங் லா 5,359 மீட்டர், காற்றில் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. படம் எடுக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் மணல்மேடுகள் இருக்கும் ஹுண்டர் லேயை விடத் தாழ்வானது, அங்கே நிம்மதியாகத் தூங்கலாம். திரும்பும்போது மணாலி வழி. அதற்குள் உடல் பழகியிருக்கும். சர்ச்சுவில் தங்காமல், விடியுமுன் கிளம்பி ஒரே நாளில் கீலாங் வரை வந்துவிடுவது. வெயில் ஏற ஏறப் பனி உருகி, சாலையைக் கடக்கும் ஓடைகள் பிற்பகலில் பெருகும் என்பதாலும் விடியற்காலைப் பயணமே நல்லது. 2020இல் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை வந்த பிறகு ரோதாங் கணவாய் ஏறும் வேலையும் இல்லை.

மொத்தம் பன்னிரண்டு நாட்கள். கணவர் கூடுதலாக மூன்று நாள் விடுப்புக் கேட்டார். 4,200 மீட்டருக்கு மேல் இருக்கும் பாங்கோங் ஏரியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டோம். சினிமாவில் பார்த்த ஏரி என்று மகள் அழுதாள்.

ஜூன் மாதம் கிளம்பினோம். ஜோஜி லா வரை பைன் மரங்களும் புல்வெளியும். கணவாயைத் தாண்டியதும் யாரோ திரையை இழுத்த மாதிரி பசுமை நின்றுவிட்டது. மழை மேகங்களை இமயம் தென்புறத்திலேயே தடுத்துவிடுகிறது. லேயில் வருடத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான் மழை. சென்னையில் 1,400. மலை வேறு பாலைவனம் வேறு என்று பள்ளியில் படித்ததை லாமாயூரு அருகே மஞ்சள் மண் குன்றுகளைப் பார்த்ததும் குழந்தைகள் மறந்தார்கள்.

லே போய்ச் சேர்ந்த இரவு தலைவலியும் குமட்டலும் வந்தது கால்பந்து வீரனுக்கு. விடுதி மாடிப்படிகளில் மூன்று முறை ஓடி ஏறியிருந்தான். டாக்டர் சொன்னதை நினைவுபடுத்திக்கொண்டேன். தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை என்றால் மேலே ஏறாமல் ஓய்வு. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால் உடனே ஆக்சிஜன், ஆஸ்பத்திரி, கீழே இறங்குவது. சின்னக் குழந்தைகளுக்குச் சொல்லத் தெரியாது, சாப்பிட மறுத்துச் சிணுங்கினாலே கவனிக்க வேண்டும். தடுப்பு மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. தூக்க மாத்திரையும் மதுவும் ஆகாது.

மறுநாள் முழுவதும் பேரன் படுத்திருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து வெந்நீரும் சூப்பும் கொடுத்தது பாட்டிதான். மாலையில் தலைவலி விட்டது. பழைய திட்டப்படி வந்திருந்தால் அந்தத் தலைவலி சர்ச்சுவில், இன்னும் 800 மீட்டர் உயரத்தில் வந்திருக்கும்.

இரண்டாம் ஓய்வு நாளில் சிந்துக் கரைக்குப் போனோம். பனி உருகி வண்டலோடு, சாம்பல் நிறத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி, ஒரு கை நீரை அள்ளினார். "என்னடி இப்படிச் சில்லுங்கறது!" என்றார். பேரன் தலையில் முதலில் தெளித்தார், பிறகு மகன் தலையில்.

கணவர் எதுவும் பேசவில்லை. அன்று இரவு வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு ஊரின் பெயருக்குப் பக்கத்திலும் அதன் உயரத்தைப் பென்சிலால் எழுதினார். இந்த வருடம் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு லடாக் போகிறார். அந்த வரைபடத்தைத்தான் கொடுத்திருக்கிறோம்.