கல்லைப் புரட்டாமல் பூச்சி கட்டலாகாது

மொழிபெயர்ப்பாளன் செய்யும் பிழை, அச்சில் ஏறிய பிறகு அவனுக்கு அடங்குவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்னர், மலையோடைகளில் வாழும் 'ஸ்டோன்ஃப்ளை' என்னும் பூச்சியைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கியபோது, அதற்குக் 'கல் ஈ' என்று பெயர் வைத்தேன். சொல்லுக்குச் சொல் சரியாகவே இருந்தது. பின்னர் நீலகிரிப் பக்கத்து மலையூர்ப் பள்ளி ஒன்றில், அக்கட்டுரையைப் படித்த மாணவர்கள் வரைந்த படங்களைக் காண நேர்ந்தது. ஒவ்வொரு படத்திலும் ஒரு கல். அதன்மேல் ஒரு வீட்டு ஈ! இரண்டே சிறகுகள், பெரிய கண்கள், வாலே இல்லை. பள்ளிக்குப் பின்னால் நூறு அடி தூரத்தில் ஓடை ஒன்று சலசலத்துக்கொண்டிருந்தது. ஆசிரியர் என்னைக் குறை கூறவில்லை. கூறியிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

ஈக்கு இரண்டு சிறகுகள், இப்பூச்சிக்கு நான்கு. இதன் வரிசைக்குப் பிளிகாப்டெரா என்று பெயர். 'பின்னிய சிறகு' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆயது அது. ஓய்ந்திருக்கையில் சிறகுகளை முதுகின்மேல் தட்டையாக மடித்து வைத்துக்கொள்ளும். ஈக்குக் கூட்டுப்புழுப் பருவம் உண்டு, இதற்கு இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்பூச்சி, நீருக்கடியில் கற்களின் இடுக்குகளில் ஓராண்டுக் காலம், சில இனங்களில் மூன்று நான்கு ஆண்டுகள்கூட வாழ்ந்து, பலமுறை தோலுரித்து வளரும். முடிவில் கரைக்கு ஊர்ந்து வந்து, பாம்பு சட்டை உரிப்பதுபோல் உரித்துப் போட்டுவிட்டுச் சிறகு பெறும். ஆகவே இக்கட்டுரையில் 'கற்பூச்சி' என்றே எழுதுகிறேன். (மேஃப்ளை என்பதை 'ஈசல்' என்று எழுதுவோரும் நம்மிடையே உளர். ஈசலோ சிறகு முளைத்த கறையான். அப்பிழைக்கு நான் பொறுப்பாளி அல்லன்.)

என் சொற்பிழையை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. இதே பிழையை டிரவுட் மீன் பிடிக்கும் தூண்டில்காரர்களும் செய்கிறார்கள். நான் மையால் செய்ததை அவர்கள் இறகாலும் நூலாலும் செய்கிறார்கள். தூண்டில் முள்ளின்மீது கம்பளி நூலும் இறகும் சுற்றி, மீன் உண்ணும் பூச்சியைப்போல் ஓர் உருவம் அமைப்பதைப் 'பூச்சி கட்டுதல்' எனலாம். சென்ற ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஹிமாசலப் பிரதேசத்தின் தீர்த்தன் ஆற்றங்கரையில், மீன்வளக் கள ஊழியர் ஒருவருடன் ஒரு பகற்பொழுதைக் கழித்தேன். அவர் நகரத்துக் கடையில் வாங்கிய 'கற்பூச்சி' ஒன்றைப் பெருமையுடன் காட்டினார். பிறகு முழங்காலளவு நீரில் இறங்கி, ஒரு கல்லைப் புரட்டி, அதன் அடியில் ஒட்டியிருந்த உயிருள்ள இளம்பூச்சியை வெள்ளைத் தட்டில் இட்டார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். கடைப்பூச்சி உயிர்ப்பூச்சியைப்போல் இருமடங்கு நீளம். உடல் உருளையாக இருந்தது. போதாக்குறைக்கு மூன்று வால்கள்! கற்பூச்சிக்கு வால் இரண்டே. மூன்று வால் இருந்தால் அது பெரும்பாலும் மேஃப்ளையின் இளம்பருவம். ஊழியர் வாய்விட்டுச் சிரித்தார். நான் பள்ளிப் படங்களை நினைத்துக்கொண்டேன்.

இக்கலை புதிதன்று. 1496-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சான தூண்டில் நூலொன்று பன்னிரண்டு செயற்கைப் பூச்சிகளைக் கட்டும் முறையைக் கூறுகிறது. அவற்றில் கற்பூச்சியும் ஒன்று. கறுப்புக் கம்பளியால் உடல், சிறகின் கீழும் வாலின் கீழும் மஞ்சள், ஆண் வாத்தின் இறகால் சிறகு என்பது அதன் விதி. சிறகின் கீழே மஞ்சள் என்று எழுதியவர் யாராயினும், அவர் பூச்சியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1836-இல் ஆல்ஃப்ரெட் ரொனால்ட்ஸ் வெளியிட்ட நூல் இன்னும் ஒரு படி முன்னேறி, இயற்கைப் பூச்சியின் படத்தையும் செயற்கைப் பூச்சியின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியது.

நம் நாட்டின் நிலைமையோ விசித்திரமானது. டிரவுட் நமது மீன் அன்று. பழுப்பு டிரவுட்டின் முட்டைகள் 1900-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து காஷ்மீரம் வந்து சேர்ந்தன. நீலகிரியில் 1907-இல் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஏற்பட்டது. அங்கே நிலைபெற்ற வானவில் டிரவுட்டின் பூர்வீகம் வட அமெரிக்காவின் மேற்குப் பகுதி. மீன் கடல் கடந்து வந்தது. அது உண்ணும் பூச்சியோ இம்மலைகளுக்கே உரியது. அவ்வாறிருக்க, நாம் கட்டும் பூச்சியின் மாதிரியை மட்டும் இன்னமும் கடல் கடந்தே வரவழைக்கிறோம். மாண்டானா மாநிலத்து மாடிசன் ஆற்றில் ஜூன் கடைசியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் வெளிவரும் 'சால்மன் பூச்சி'யின் இளம்பருவம் இரண்டு அங்குலம் வளரக்கூடியது. அதைப் பார்த்துக் கட்டிய உருவம் அந்த ஆற்றுக்குப் பொருந்தும். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் காணும் நியோபெர்லா இனங்களின் இளம்பூச்சி ஓர் அங்குலத்திற்கும் குறைவானது. இவ்விரண்டுக்கும் ஒரே மாதிரி எவ்வாறு போதும்?

அனுபவம் மிக்க தூண்டில்காரர்கள் இதைக் கேட்டு நகைப்பர். டிரவுட் பூச்சியியல் பயின்றதன்று, பசித்தால் எதையும் கவ்வும் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. நிறத்தை நுணுகி நுணுகிப் பார்த்துக் கட்டுவது பெரும்பாலும் கட்டுவோரின் மனநிறைவுக்கே என்று நானும் நினைக்கிறேன். ஆனால் அளவும், நீரில் அது நடந்துகொள்ளும் விதமும் அப்படிப்பட்டவை அல்ல. மாண்டானாவில் வாழ்ந்த சார்லஸ் புரூக்ஸ் என்பார் நீரில் மூழ்கியே இப்பூச்சிகளைக் கவனித்தவர். 1976-இல் வெளியான அவருடைய நூல், முதுகு வேறு வயிறு வேறு என்று கட்டாமல் எப்பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுபோல் தோன்றும்படி கட்டவேண்டும் என வற்புறுத்துகிறது; நீரோட்டத்தில் செயற்கைப் பூச்சி புரண்டால், நிறம் மாறி மாறித் தெரிந்து மீனுக்கு ஐயம் உண்டாகும் என்பது அவர் கருத்து. தட்டையான உடலே சரி என்போரும் உளர். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. இரு தரப்பினரும் பூச்சியைப் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

கட்டும் முறை கடினமன்று. நம் ஓடைகளுக்கு நீண்ட தண்டுள்ள 10 அல்லது 12-ஆம் எண் முள் ஏற்றது. அதன் தண்டில் முதலில் செம்புக் கம்பியை நெருக்கமாகச் சுற்றுக. உருவம் அடிமட்டத்தில் செல்லவேண்டுமாதலால் கனம் இன்றியமையாதது. முன்னாளில் ஈயக் கம்பி சுற்றினர். ஈயம் நஞ்சாதலால் அதனை விட்டுவிடுதலே நன்று. பின்னர் வாத்திறகின் விறைப்பான இரு கீற்றுகளை வாலாகப் பிரித்துக் கட்டி, பழுப்புக் கம்பளியால் உடலைச் சுற்றி, மெல்லிய கம்பியால் வளையம் வளையமாக வரிக. மார்பு சற்றுப் பருமனாக இருத்தல் வேண்டும். அங்கே மென்மையான கோழியிறகு ஒன்றை இரண்டு சுற்றுச் சுற்றினால் கால்கள் ஆயின. மெழுகு தடவிய நூலால் தலையை முடிக்கவும். எனது முதல் பூச்சி முள்ளில் சிக்கிய பஞ்சுருண்டை போல் இருந்தது, ஐந்தாவது தேறியது.

கற்பூச்சியின் இளம்பருவம் நீந்துவதில் வல்லதன்று. பிடி நழுவினால் அடிநீரோடு உருண்டு செல்லும்; டிரவுட் அதைத்தான் எதிர்பார்த்து நிற்கிறது. எனவே நீரோட்டத்திற்கு எதிராக மேற்புறம் வீசி, இழுக்காமல் கூழாங்கற்களை ஒட்டி மிதந்து வரவிடுக. நூல் நீரில் நுழையும் இடத்தைக் கண் விலகாது நோக்குக. அது கணம் நின்றால் கோலை உயர்த்துக. பத்தில் ஒன்பது முறை கல்லாகத்தான் இருக்கும். சிறகு பெறும் காலத்தில் இளம்பூச்சிகள் கரையை நோக்கி ஊர்வதால், ஆற்றின் நடுவில் வீசுவது வீண், கரையோரத்தில் வீசவேண்டும். மேலே மிதக்கும் பூச்சிக்கு வேலை, பெண்பூச்சிகள் முட்டையிட நீர்மேல் திரும்பி வரும்போதுதான்.

எத்தனை மீன் அகப்படும் என்பது எனக்கு இரண்டாம்பட்சம். இப்பூச்சிக்குக் குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த நீர் வேண்டும். அது குறைந்தால், நீரைத் தன் செவுள்கள்மீது ஓட்டுவதற்காகத் தண்டால் எடுப்பதுபோல் உடலை உயர்த்தித் தாழ்த்துவதைத் தட்டிலேயே காணலாம். பிரிட்டனில் 1970-களின் பிற்பகுதியில் வகுத்த நதிநீர் மதிப்பீட்டு முறையில் பெர்லிடே என்னும் கற்பூச்சிக் குடும்பத்துக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண்; மண்புழு இனத்து நீர்ப்புழுக்களுக்கு ஒன்று. சாலை வெட்டிய மண் சரிந்து கற்களின் இடுக்கை அடைத்தாலோ, சாக்கடை கலந்தாலோ, முதலில் மறைவோரில் கற்பூச்சியும் ஒன்று. பொரிப்பகத்திலிருந்து ஆண்டுதோறும் மீன்குஞ்சு விட்டுவந்தால் டிரவுட் இருந்துகொண்டிருக்கும். பதிவேட்டிலும் எண்ணிக்கை குறையாது. கல்லடியில் நடந்தது அப்பதிவேட்டில் ஏறாது. ஆதலின் குஞ்சு விடும் நாளில், அதே இடத்தில் பத்துக் கற்களைப் புரட்டி, கற்பூச்சிகளின் எண்ணிக்கையையும் எழுதிவைக்கும் வழக்கம் வரவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு நுண்ணோக்கி தேவையில்லை. வெள்ளைத் தட்டு ஒன்று போதும். நீரில் இறங்கக்கூடாத காலமாயின், கரைப்பாறைகளில் ஒட்டியிருக்கும் உரித்த சட்டைகளை எண்ணலாம். குளிர்காலத்தில் பழுப்பு டிரவுட் கூழாங்கற்படுகையில் முட்டையிடுமாதலால், புதிதாகக் கிளறிய வெளிறிய திட்டுகளை மிதியாதிருத்தல் அவசியம். புரட்டிய கல்லை முன்பிருந்தவாறே கவிழ்த்து வைக்கவும் வேண்டும். அதன் அடியில் வேறு பல உயிர்களும் குடியிருக்கின்றன.

அந்த மலையூர் ஆசிரியருக்குச் சென்ற மாதம் கடிதம் எழுதினேன். 'கல் ஈ' என்பதை அடித்துவிட்டுக் 'கற்பூச்சி' என்று திருத்திக்கொள்ளும்படியும், திருத்துவதற்கு முன் மாணவர்களைப் பள்ளிக்குப் பின்னாலுள்ள ஓடைக்கு அழைத்துச் செல்லும்படியும் கேட்டிருக்கிறேன். நான் கட்டிய ஐந்தாவது பூச்சியையும், முள்ளின் முனையை ஒடித்துவிட்டு, உறையில் வைத்து அனுப்பியுள்ளேன். அதில் என்னென்ன பிழை என்று மாணவர்கள் எழுதி அனுப்பவேண்டும்.