சைகை மொழியும் மொழிதான்

வாய் பேச முடியாதவர்கள் கையை ஆட்டி எப்படியோ காரியம் முடித்துக்கொள்ளும் ஏற்பாடுதான் சைகை மொழி. அதற்கு இலக்கணம் இல்லை. உலகெங்கும் அது ஒன்றேதான். படித்தவர்களும் இப்படித்தான் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை பொய். காது கேளாத குழந்தைகளின் படிப்பைக் கெடுக்கும் பொய் என்பதால் இதைச் சும்மா விட முடியாது.

உலகெங்கும் ஒன்றா? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் காதில் விழுவது ஆங்கிலம். ஆனால் பிரிட்டிஷ் சைகை மொழி வேறு, அமெரிக்கச் சைகை மொழி வேறு. 1817-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளியில் கற்பிக்கப் பிரான்சிலிருந்து வந்தவர் லோரான் க்ளேர்க் என்ற காது கேளாத ஆசிரியர். அதனால் அமெரிக்கச் சைகை மொழிக்கு நெருங்கிய உறவு பிரெஞ்சுச் சைகை மொழிதான்.

இலக்கணம் இல்லையா? சைகைச் சொற்கள் கையின் வடிவம், இடம், அசைவு ஆகியவற்றால் ஆனவை என்று 1960-இலேயே அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஸ்டோக்கி காட்டினார். எழுத்து மாறினால் சொல் மாறுவதுபோல, இவற்றில் ஒன்று மாறினாலும் பொருள் மாறிவிடும். இந்தியச் சைகை மொழியில் 'யார்', 'என்ன' போன்ற கேள்விச் சொற்கள் வாக்கியத்தின் கடைசியில் வரும். ஆமாவா, இல்லையா என்று கேட்கும்போது புருவம் உயரும். அந்தப் புருவத்துக்கு அங்கே உணர்ச்சி வேலை இல்லை, இலக்கண வேலை. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டு, சைகைச் சொற்களை இழந்த காது கேளாதோர் சிலரால் அதே கையால் ஒரு செயலை நடித்துக் காட்ட முடிந்திருக்கிறது. நடிப்பு வேறு, மொழி வேறு என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

"கையைப் பழக்கினால் வாய் திறக்காது" என்று பெற்றோரைப் பயமுறுத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, வகுப்பறையிலிருந்து சைகையை விலக்கத் தீர்மானித்தது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழ எல்லோரும் காது கேட்பவர்கள். அந்த மாநாடு அதற்கு வருத்தம் தெரிவிக்க 2010 ஆனது. இடைப்பட்ட தலைமுறைகள் உதட்டைப் பார்த்தே பாடம் புரிந்துகொள்ளும்படி விடப்பட்டன. 'பணம்', 'மணம்' இரண்டையும் ஓசையின்றிச் சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசைகிறது. இதை வைத்துக்கொண்டு ஒரு குழந்தை அறிவியலும் வரலாறும் கற்க வேண்டும் என்பது கல்வியா?

செவிப்புலக் கருவியையோ, உட்செவியில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சையையோ, பேச்சுப் பயிற்சியையோ நான் எதிர்க்கவில்லை. பிறந்தது முதல் சைகை மொழியில் வளர்ந்து, பின்பு காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகள் பேச்சிலும் நன்றாகத் தேறியிருக்கிறார்கள். மொழி வேரூன்றும் பருவம் முதல் சில ஆண்டுகள். கருவி பலன் தருமா என்று பார்த்துக் காத்திருந்தே அந்த ஆண்டுகளைக் கழித்தால், அவை திரும்ப வரா.

காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். ஆகவே வீட்டில் அந்த மொழி தானாக வராது. நாம்தான் கொண்டுவர வேண்டும். குறையைக் கண்டறியும் மருத்துவர் அன்றே சைகை வகுப்புக்கும் வழிகாட்டட்டும். பெற்றோர் குழந்தையோடு சேர்ந்து கற்கட்டும். காது கேளாதோர் பள்ளியில் பாடம் நடத்த வருகிறவர் சைகை மொழியில் சரளமாகப் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதை அரசு கட்டாயமாக்கட்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியை ஏற்றிருக்கிறது. வகுப்பறைதான் இன்னும் ஏற்கவில்லை.